இரண்டு ஷேடு

"ரெண்டு ஷேடு ஏத்திவிடு பெனசிரு,
மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் மஞ்சக்கிழங்கு நிறம்"
என்று சொல்லிவிட்டுச் சித்தி
படியிறங்கிப் பூக்கடைக்குப் போனாள்.

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டுக்கு மேற்கே
மருந்துக்கடை மாடியில் என் பார்லர்.
தை மாசம். சாயங்காலம் வரவேற்பு.
நாற்காலியில் அருட்செல்வி,
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
முந்தாநாள் வரைக்கும் லீவு தரவில்லையாம்.
முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்.
கைக்கடிகாரத்துக்கு அடியில் மட்டும்
பிறந்தபோது இருந்த நிறம்.

ஏற்றுவது சுலபம்.
அரைமணி நேரத்தில் யாரையும் சுண்ணாம்புச் சுவராக்கலாம்.
மேடை விளக்கில் முகம் தனியாக மிதக்கும்,
கை வேறு யாருடையதோ போல மாலையைப் பிடிக்கும்.
பத்து வருஷம் அப்படித்தான் சம்பாதித்தேன்.

இப்போது என்னிடம் மூன்று ப்ரான்ஸர் இருக்கிறது.
ஒன்று செங்கல் தூள். பூசினால்
கன்னம் சூளையிலிருந்து இறங்கி வந்தது போலிருக்கும்.
ஒன்றில் மினுக்கு, கெண்டை அரிந்த கத்தி மாதிரி.
மூன்றாவதைப் பெட்டிக்குள் பார்த்தால் ஒன்றுமேயில்லை,
கருப்பட்டியை உரசிய கல்லில் மிஞ்சும் பழுப்பு,
அவள் நிறத்துக்கு இரண்டு ஷேடு
கீழே.

டியூப்லைட்டை நம்ப மாட்டேன்.
காதுக்கடியில் தாடையோரம் மூன்று கோடு இழுத்து
பால்கனிக்குக் கூட்டிப்போய் வெளிச்சத்தில் நிறுத்தினேன்.
காரைக்குடி வண்டிக்காகக் கேட் போட்டிருந்தது.
பைக்கில் காத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்க்க
சிரிக்காமல் நின்றாள்.
இரண்டு கோடு தெரிந்தது. ஒன்றைக் காணோம்.
காணாமல் போனதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தோம்.

கழுத்து நிறத்தில் அடிப்பூச்சு, மெல்லிசாக.
மண்டபத்துச் சூட்டில் கிரீம் வழிந்துவிடும், தூள்தான் நிற்கும்.
நெற்றி, கன்னமேடு, தாடை,
பக்கவாட்டில் 3 என்று எழுதுவது போல,
வெயில் முதலில் எங்கே தொடுமோ அங்கே:
இது கோயம்புத்தூர் வகுப்பில்
மூவாயிரம் வாங்கிக்கொண்டு சொல்லித்தந்தது.

"உனக்கு எங்கே தொடும்?" என்றேன்.

யோசித்தாள்.
"நெத்தில இல்லக்கா, துண்டு கட்டியிருப்பேன்.
ஈரம் பார்க்கிற மீட்டரைக் குனிஞ்சுதான் படிக்கணும்,
அதனால மூக்குத் தண்டு.
மேசை தெற்கு பார்த்துக் கெடக்கு,
மத்தியானத்துக்கு மேல வலது கன்னம் வேகும்.
பதினேழு வரைக்கும் எடுப்போம். பதினெட்டு வந்தா
திரும்பக் காயப்போடுங்கன்னு நான்தான் சொல்லணும்.
சொன்னா யாரும் மீட்டரைப் பார்க்க மாட்டாங்க,
என் மூஞ்சியத்தான் பார்ப்பாங்க."

பிரஷ்ஷைத் தொட்டு, தட்டி,
முதல் தூளைப் புறங்கையில் விட்டேன்.
நெற்றியைத் தொடவில்லை.
மூக்குத் தண்டில் ஒரே இழுப்பு.
இடது கன்னத்தில் இரண்டு சுற்று, வலதில் நான்கு.
பிரஷ்ஷில் ஒட்டியிருந்த மிச்சம் கழுத்துக்கு,
அப்புறம் எல்லாரும் மறந்துபோகும் காது மடலுக்கு.
இரண்டு பக்கமும் சமமில்லை.
வெயில் ஸ்கேல் வைத்தா அடிக்கிறது?

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.
வளையலை இழுத்துக் கடிகாரத் தடத்தை மறைத்தாள்,
பிறகு விட்டுவிட்டாள்.
"லோடு ஏத்தி முடிச்சிட்டு
டீ குடிக்கப் போற மாதிரி இருக்கேன்" என்றாள்.
நல்லதாகச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

ராத்திரி, பந்தி வாசலில்
சித்தி என்னை மடக்கினாள்.
ஒரு கையில் தாம்பூலப் பை, மறு கையில் எண்ணிய நோட்டு.
"மேக்கப்பே போட்ட மாதிரி இல்லையே,
இதுக்கா ஏழாயிரம்?"

ஐந்நூறு குறைத்துக்கொண்டேன்.
இன்னொரு டம்ளர் ரசம் வாங்கிக் குடித்துவிட்டு
முத்துப்பேட்டைக்குக் கடைசி பஸ் பிடித்தேன்.
ஜன்னலோர சீட்.
போட்ட மாதிரி இல்லையே, போட்ட மாதிரியே இல்லையே என்று
அவள் குரலிலேயே சொல்லிப் பார்த்தபடி
பாமணி பாலம் வரை வந்துவிட்டேன்.