மூன்றாவது சொல்

வெள்ளைப் பலகையில்
ஆங்கிலத்தில் இரண்டே சொல்: நீல நாக்கு.
எழுதிய தவநிதி
சாப்பிடப் போய்விட்டாள்.

ரத்தக் குப்பிகள் கொண்டுவந்த ஓட்டுநர்
கையெழுத்துப் போடும்போது அதைப் பார்த்திருக்கிறார்.
அவர் வண்டி கேட்டைத் தாண்டுமுன்
லிம் சூ காங் பண்ணையிலிருந்து மிஸ்டர் இயோ.
எந்தக் கொட்டகை?
எத்தனையாவது ஆடு?
பால் வண்டியைத் திருப்பட்டுமா?
மூன்றாவது அழைப்பில் அவர் எதுவும் கேட்கவில்லை,
மூச்சு மட்டும் வந்தது.
பின்னால் ஆடுகள், எப்போதும்போல, கத்திக்கொண்டிருந்தன.

எனக்கும் வயிற்றைக் கலக்கியது.
வீங்கித் தொங்கும் நாக்கைப்
படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
ரத்தம் போய்ச் சேராத நீலம் அது.
கொண்டுவந்து சேர்ப்பது
எள்ளில் பாதிகூட இல்லாத ஓர் ஈ.
கொசுவலையின் கண்ணுக்குள்
குனியாமலே நுழைந்துவிடும்.

நாற்பத்திரண்டு முடிவுகளையும்
விரல் வைத்துப் படித்தேன்.
இல்லை. இல்லை. இல்லை.
இத்தனை இல்லைகளை
இவ்வளவு ஆசையாக நான் படித்ததில்லை.

அப்போதுதான் மேசைக்கடியில்
பிளாஸ்டிக் பெட்டி நகர்ந்தது.

ஈசூனில், பத்தாவது மாடியில்,
யாரோ காலிசெய்த வீட்டின்
காலணி அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாம்.
வளர்க்க அனுமதி இல்லாத உயிர்,
வளர்த்தவர் பெயரும் இல்லை.
மூடியைத் திறந்தேன்.
முழங்கை நீளத்துக்கு ஓர் அரணை,
கால்கள் மட்டும் வேறு எதனுடையதோபோலக் குட்டை.
சீறியது. வாயைப் பிளந்தது.
பேனா மை குடித்த பிள்ளைபோல
அகலமான, ஆரோக்கியமான
நீல நாக்கு.

அதற்குத் தெரிந்த ஒரே பொய் அது:
நான் ஆபத்தானவன்.

அரணை கடிக்க வந்து
எதற்கு வந்தோம் என்று மறந்துவிடும் என்பார்கள்.
இங்கே மறந்தது தவநிதி.
மூன்றாவது சொல்லை, அரணை என்பதை,
எழுதுவதற்குள் பசித்துவிட்டது அவளுக்கு.

"பல்லி மாதிரி ஒன்றுதான், மிஸ்டர் இயோ."
நீண்ட அமைதி.
பிறகு அவர் சிரித்த சிரிப்பில்
ஆடுகள் ஒரு நொடி வாயடைத்தன.
"அது பால் குடிக்குமா?" என்றார்.
நத்தை தின்னும் என்றேன்.
"அப்படியானால் எனக்கு வாடிக்கை இல்லை."

தவநிதி திரும்பி வந்தாள்,
கையில் எனக்கும் ஒரு தே ஓ.
ஒன்றும் சொல்லாமல் பலகையைத் துடைத்தேன்.
துடைத்த இடத்தில்
இரண்டு சொற்களும்
மங்கலாக இன்னும் இருந்தன.

இரவு, வீட்டுக்குப் போகும் மின்தூக்கியில்
கண்ணாடி முன் தனியாக நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
மேல்மூலையில் கேமரா
சிவப்பாக
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.