ஏழரை

கேத்தி பாலாடாவில்
விடிய இன்னும் மூணு மணி நேரம்.
கேரட் கழுவி விறைத்த கைகள்
ஆவி பறக்கும் குண்டானைச் சுற்றி.

அவித்த முட்டை பதினைந்து
என்று சிலேட்டைத் திருத்துகிறார் தேவசகாயம்.
நேற்றுவரை பன்னிரண்டு.

மக்காச்சோளம் ஏறிடுச்சாம்
சோயா ஏறிடுச்சாம்
டீசல் சொல்லவே வேண்டாம்.
முட்டையோ நாமக்கல்லிலிருந்து
பதினாலு கொண்டை ஊசி வளைவும் ஏறி
ஒரு கீறல் விழாமல் வந்திருக்கிறது.

"எங்க கூலி
எந்த வளைவுல நிக்குது?"
கேட்டாள் லில்லிபுஷ்பம்.
தேவசகாயம் உப்பு டப்பாவைத் தேடினார்,
கையில் வைத்துக்கொண்டே.

பிறகு
ஆளுக்கு ஏழரை என்று நோட்டில் எழுதச் சொல்லி
அவளும் யோகேஸ்வரியும்
ஒன்று வாங்கினார்கள்.
சாக்குத் தைக்கும் நூலால் அறுத்ததில்
மஞ்சள்கரு முக்கால்வாசி
ஒரு பக்கமே போய்விட்டது.

"நாளைக்கு எனக்கு"
என்றாள் யோகேஸ்வரி,
வெள்ளைமேல் மிளகுத்தூளை
இன்னும் கொஞ்சம் தட்டிக்கொண்டு.