லாம்

ஒரே விபத்துக்கு இது மூன்றாவது படம்.
மூன்றுக்கும் தமிழ் எழுதியவன் நான்,
சாலிகிராமத்தில், மூன்றாவது மாடியில்,
கீழே மெட்ரோவுக்குத் தோண்டும்போதெல்லாம்
ஒலிப்பதிவை நிறுத்திவைக்கும் ஓர் அறையில்.

முதல் படத்தில் கொடிகள், பூங்கொத்துகள்.
ஐந்து பேரும் கையசைத்தபடி கலத்துக்கு நடக்கிறார்கள்,
திரும்பத் திரும்ப நடக்கிறார்கள்,
வயலின்காரர் அவர்களைப் போகவிடவேயில்லை.
'வீரமரணம்' என்று நான்கு இடத்தில் எழுதினேன்.
கேட்டது சேனல். கொடுத்தேன்.

இரண்டாவது, பத்து வருடம் கழித்து. விசாரணைப் படம்.
மேசைகள், கோப்புகள், வரைபடத்தில் சிவப்பு வட்டம்:
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெடிப்பு.
ஒரு பொறியாளரின் கடிதம் திரையில் வந்தது,
பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்து.
மூன்று நொடிக்குள் தமிழ் அடங்கவில்லை.
பாதிக் கடிதத்தை விட்டுவிட்டேன்.

இன்று அவர் முகம்.
வழுக்கை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி,
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சமையலறை.
வயலின் இல்லை.
கடிதம் அனுப்பினேன் என்கிறார்.
பதில் வரவில்லை என்கிறார்.
அப்புறம் ஒரு சின்ன வாக்கியம், ஒன்றேகால் நொடி.
அதற்கு நான் எழுதியது: 'கூப்பிட்டிருக்கலாம்.'

குரல் நாகலிங்கத்துடையது.
முப்பது வருடமாக அடியாட்களுக்காகச் சாகிறவர்;
மாடியிலிருந்து விழும் 'ஆ' வேண்டுமென்றால்
கோடம்பாக்கம் அவரைத்தான் தேடும்.
ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"சார், கூப்பிட்டாரா, கூப்பிடலையா?
இதைப் படிச்சா ரெண்டு மாதிரியும் இருக்கே.
ஒருவேளை கூப்பிட்டிருக்கலாம், ஞாபகமில்லன்றாரா?
கூப்பிட்டிருந்தா அஞ்சு பேரும் இருந்திருப்பாங்கன்றாரா?
ஆளு எந்தப் பக்கம்னு தெரியாம
எப்படி சார் குரல் குடுக்கிறது?"

'வேண்டும்' போட்டுப் பார்த்தோம். கூப்பிட்டிருக்க வேண்டும்.
தீர்ப்புபோல விழுந்தது. நீளம் வேறு.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எபினேசர் உதட்டைப் பிதுக்கினான்.
திரும்பவும் 'லாம்'.
அது வருவதற்குள் திரையில் வாய் மூடிவிட்டது.
பரவாயில்லை,
'ம்' சொல்ல உதடு மூடத்தானே வேண்டும்.
ஒன்பதாவது டேக்கில் நாகலிங்கம்
நடிக்காமல் சொன்னார். வைத்துக்கொண்டோம்.

இந்தக் கட்டடத்து லிஃப்ட்
இரண்டாம் மாடி தாண்டும்போது பல்லைக் கடிக்கும்.
ஐப்பசியில் குழுவில் எழுதிப் போட்டேன்.
ஒருவர் கட்டைவிரல் காட்டினார்.
அதிலிருந்து நான் படிதான்.

இரவு எட்டரைக்கு நாகலிங்கம் உள்ளே போய்
கம்பிக்கதவை இழுத்தார்.
"வரலையா சார்?"
"நடந்தா சர்க்கரைக்கு நல்லது" என்றேன்.

சுவருக்கு அந்தப்புறம்
அவர் எடை என்னோடு இறங்கியது.
இரண்டாம் மாடியில் அந்தச் சத்தம்.
கைப்பிடியைப் பிடித்து நின்று எண்ணினேன்,
எதுவரை என்று தெரியாமல்.

ஆற்காடு சாலைத் தகரத் தடுப்போரம்
இரண்டு டீயோடு நின்றிருந்தார்.
தோண்டும் இரைச்சலுக்கு மேலே,
"ஆறிடும் சார்" என்று
இரண்டு தடவை கூப்பிட்டார்.