கம்பியப் பிடிச்சுக்கிருங்க

முப்பத்தோரு வருஷம்
பெரியார் நிலையத்துக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
நான் பிடித்ததில்லை.
சீட்டு முதுகில் இடுப்பைச் சாய்த்துவிட்டால்
பழங்காநத்தம் வளைவில்கூட
சில்லறை சிந்தியதில்லை.

அமலோற்பவம் பிடித்தது
துண்டு போடும் கம்பியை.
துண்டின் எடைக்கு மட்டுமே செய்த கம்பி.
இரண்டு திருகோடும் கொஞ்சம் பூச்சோடும்
அவள் கையிலேயே வந்துவிட்டது.
இடுப்பில் தகடு வைத்து அனுப்பும்போது
டாக்டர் சொன்னார்:
"எலும்ப நான் பாத்துட்டேன்.
பாத்ரூம நீங்க பாருங்க."

பார்த்தேன்.
மகன் ஆசைப்பட்டுப் போட்ட டைல்ஸ்;
முகம் தெரியும், கால் நிற்காது.
சோப்புக் கைக்குத் திரும்பாத உருண்டைத் திருகு.
உள்பக்கம் திறக்கும் கதவு.
அன்று அதன் பின்னால்தான் கிடந்தாள்.
நான் கதவைத் தள்ளத் தள்ள
அவளைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

புனேயிலிருந்து மகன் ஒன்று அனுப்பினான்.
ரப்பர் குமிழ் வைத்தது, சுவரைத் துளைக்க வேண்டாமாம்.
ஒட்டித் தொங்கிப் பார்த்தேன், தாங்கியது.
மூன்றாம் நாள் காலை
யாரும் தொடாமலே தரையில் கிடந்தது.

சிம்மக்கல் கடையில் பாண்டீஸ்வரி என்றொரு பெண்.
தலைக்கு மேலிருந்து மழையாய்க் கொட்டும் ஷவரை
நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு
"அது சின்னஞ்சிறுசுக குளிக்கிறதுய்யா" என்றாள்.
கையில் பிடிக்கும் ஷவர், ஒன்றரை மீட்டர் குழாயோடு.
முழங்கையால் தட்டினாலும் திறக்கும் நீட்டுப்பிடிக் குழாய்.
ரப்பர் காலுள்ள நாற்காலி, பலகையில் ஓட்டைகள்.
கம்பியில் பளபளப்பு வேண்டாமாம்,
"சொரசொரப்பா எடுங்க, ஈரக்கைக்கு அதான் பிடிமானம்."
எடுத்துத் தடவிப் பார்த்தேன்.
பின்வாசல் படிக்கட்டுக் கம்பிதான்,
ஆள் ஏறி ஏறித் தேயாதது.

"அம்மாவுக்கு எந்தக் கை வலுவு?
எந்தப் பக்கம் மாட்டணும்?"

எழுபது பேரில் டிக்கெட் எடுக்காதவனைக்
கண்ணாலேயே பிடித்தவன் நான்.
நாற்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள்
எந்தக் கையால் தண்ணீர் மொள்வாள்?
கடை நடுவில் நின்று
காற்றில் ஒரு வாளியை வைத்து
அவளாகக் குனிந்து பார்த்தேன்.
பக்கத்தில் சிங்க் வாங்க வந்தவர் நகர்ந்துகொண்டார்.
போன் போட்டேன்.

"எதுக்கு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"சோத்துக்கு வலது. தண்ணிக்கு இடது.
வலது தோளு மேல ஏறுறதில்ல,
ரெண்டு வருஷமா."

பில்லின் மூலையில் பாண்டீஸ்வரி
'இடது' என்று எழுதி
அடிக்கோடு போட்டாள்.

ஒச்சு டிரில்லோடு வந்தான்.
சுவரை விரல் மொட்டியால் தட்டிக்கொண்டே போனான்.
இங்கே செங்கல், இங்கே வெறும் பூச்சு.
கடைக்காரி சொன்ன உயரத்தை நான் சொல்ல
அவன் கேட்டுக்கொள்ளவில்லை.
"அத்த, சும்மா உக்காந்து எந்திரிங்க" என்றான்.
அவள் எழும்போது
கை தன்னால் போய்த் தொட்ட இடத்தில்
பென்சிலால் கோடு போட்டான்.
ஒரு டைல் விரிந்தது. விரியட்டும்.
கதவு இனி வெளிப்பக்கம் திறக்கும்.
தாழ்ப்பாளைக் கழற்றும்போதுதான் சண்டை.
"தாப்பா இல்லாம எப்பிடிக் குளிக்க?
நான் என்ன சின்னப் புள்ளையா?"

அழைப்பு மணி இரண்டாயிரத்து நானூறு.
என் பழைய விசிலைக் கயிற்றில் கோத்து
கம்பியில் கட்டிவிட்டேன்.
ரெண்டு ஊதினா போலாம்.
ஒன்னு ஊதினா நிப்பாட்டு.
"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

இன்று முதல் குளியல்.
தாழில்லாத கதவுக்கு முதுகு காட்டி
காவல் நின்றேன்.
தண்ணீர் விழுகிறது. நிற்கிறது. விழுகிறது.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.

ஒற்றை விசில்.

கதவை இழுத்த வேகத்தில் நானே சாய்ந்து
கம்பியைப் பிடித்தேன், முதல் தடவையாக.
மறுமுனையில் அவள் இடது கை.
தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட
சுவரைச் சுற்றிப் பார்த்தபடி கேட்டாள்:

"இம்புட்டும் வாங்குனீங்களே,
துண்ட எங்க போடுறது?"