திருத்தம் 2318

பிரகலாதன் கெட்டவன் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கத் தெரியாதவன், அவ்வளவுதான்.
"சர்வரைப் புதுசாக்கிட்டேன் அக்கா" என்று
ஒரு கட்டைவிரல் படத்தோடு அனுப்பிவிட்டு
வடுவூருக்குப் பெண் பார்க்கப் போய்விட்டான்.

திங்கள் இரவு, மன்னார்குடியில்,
யூரியா வாசம் படியேறி வரும்
உரக்கடை மாடியறையில்
ஒரே ஒரு வரியை மாற்றிச் சேமிக்கப் போனேன்.
ஈரப்பதம் பதினேழு என்றிருந்த இடத்தில் பத்தொன்பது.
ஐப்பசி அடைமழை. குறுவை நெல் நனைந்தே வருகிறது.
காலை ஆறு மணிக்கு
நீடாமங்கலம் ஆலையில் எடைமேடை திறக்கும்.

மறுத்துவிட்டது.
மென்பொருளின் பதிப்பு ஐந்து,
கிடங்கின் பதிப்பு நான்கு,
பொருந்தவில்லை என்றது,
ஜாதகத்தை மஞ்சள் உறையோடு திருப்பித் தருகிற குரலில்.

பூட்டை உடைத்துப் பார்த்தேன். மீட்புக் கட்டளை கொடுத்துப் பார்த்தேன்.
புதியதற்குப் பழைய கிடங்கின் பாஷையே புரியவில்லை.
புரிந்தது ஒன்றுக்குத்தான்:
ஆடுகிற மேசைக்கு முட்டாக
அடியில் கிடந்த பழைய பெட்டி.
உருவி எடுத்து உயிர் கொடுத்தேன்.
கல்லை மெல்லுகிற சத்தத்தோடு எழுந்தது.
கிடங்கை அதன் வாயில் போட்டு,
உள்ளதையெல்லாம் கக்க வைத்து,
ஒற்றைக் கோப்பாக அள்ளிவந்து
புதுக் கிடங்கில் கொட்டத் தொடங்கினேன்.

ஒன்று ஏறியது. இரண்டு ஏறியது.
பதினெட்டு வருஷ வேலை
முதல் நாளிலிருந்து மறுபடி நடக்கிறது.
நான் சேரும் முன்பே ஷார்ஜா போய்விட்ட ஞானசேகர்
திரும்ப வந்து தட்டுகிறார்:
ரசீதில் ஊர்ப்பெயர் சேர்த்தேன்.
ரசீதில் ஊர்ப்பெயர் நீக்கினேன்.
கரண்ட் போச்சு, மீதி நாளை.
மீதி.
காராசேவு தின்றுகொண்டே பார்த்திருந்தேன்.

2318இல் நின்றது.
குறிப்பு யூனிகோடில் இல்லை, ஏற்க மாட்டேன்.
திரை முழுக்கக் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகள்.
மற்றதையெல்லாம் தங்கிலீஷில் தட்டியவர்
இதை மட்டும் தமிழில் அடித்திருக்கிறார்,
செத்துப்போன ஓர் எழுத்துருவில்.

சரிபார்க்காமல் விடு என்றொரு கட்டளை இருக்கிறது.
கொடுத்தால் குப்பை குப்பையாகவே ஏறிவிடும்.
ஒருவரும் கேட்கப்போவதில்லை.
மணி ஒன்று நாற்பது.
தூக்கம் வரவில்லை என்பதைத் தவிர
மாற்றிப் படிக்க வேறு காரணமில்லை எனக்கு.

"புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டேன், தெரியாமல்.
மூட்டைக்கு ஒரு கிலோவுக்குள். சம்பா முழுக்க.
இன்று சரிசெய்தாச்சு.
முதலாளியிடம் சொல்லவில்லை. யாரிடமும்."

தேதி: 2009, மாசி கடைசி.
அறுப்பு முடிந்து
தாளடியில் உளுந்து காய்பிடிக்கிற நேரம்.

போனில் கால்குலேட்டரைத் திறந்தேன்.
எத்தனை மூட்டை என்று தெரியாமல் எதை எதால் பெருக்க?
அந்த வருஷத்து எடைச்சீட்டு
இன்னும் எந்த வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கும்?
எங்கள் வீட்டில் இல்லை. எங்களுக்கு நிலமே இல்லை.
களத்தில் தூற்றப் போன அம்மாவுக்கு
மரக்காலில் கூலி.
மரக்காலுக்குத் தசமம் கிடையாது.

அழித்துவிடலாம்.
ஞானசேகர் பேரன் பேத்தி எடுத்திருப்பார்.
ஆலையில் இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறார்.
எந்தக் கணக்கும் எங்கேயும் மாறப்போவதில்லை.

ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்
அவர் எழுதியதை யூனிகோடில் அடித்தேன்,
'யாரிடமும்' என்பதற்குப் பின்னால்
அவர் வைத்த புள்ளி உட்பட.
ஏறியது.
2319: ரசீதில் ஊர்ப்பெயர் மறுபடி சேர்த்தேன்.

நான்கு மணிக்கு 4112 வந்து நின்றது.
என் பத்தொன்பதை 4113 ஆக வைத்தேன். வாங்கிக்கொண்டது.

விடிந்ததும் பிரகலாதன் அழைத்தான்.
"என்னக்கா பிரச்சினை?"
"எழுத்துரு" என்றேன்.
"நேரம் கிடைச்சா 2318ஐப் படி."
சரி என்றான். படிக்க மாட்டான்.
பெண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

பழைய பெட்டியை இன்னும் அணைக்கவில்லை.
மேசை ஆடுகிறது.