நாலு செகண்டில் ‘ங்க’ கிடையாது

வாரத்தில் ஆறு நாள்
திருப்பூரில் செக்கிங் டேபிளுக்கு முன்னால் நிற்கிறேன்.
“ஏனுங்க, இந்தத் தையல் விட்டுருக்குது பாருங்க.”
“பிரிச்சுப் போடுங்க.”
“சாப்பிட்டுட்டு வாங்க.”
நேற்றுச் சேர்ந்த ஹெல்பருக்கும்
ஒரு ‘ங்க’ வைக்காமல்
என் வாயிலிருந்து வாக்கியம் இறங்காது.

ஞாயிறு காலை
பல்லடம் தாண்டி, கோழிப்பண்ணை வாடை முடிகிற இடத்தில்
கிளுவை வேலிக்குள் இருபத்தைந்து மீட்டர்.
அங்கே நான் ரேஞ்ச் ஆபீசர்.

முதல் போட்டியில் “லோடு பண்ணுங்க” என்றேன்.
வெளியூர் ஜூரி காதைத் தேய்த்துக்கொண்டார்.
“மேடம், பந்திக்கா கூப்பிடுறீங்க?”

அன்றிலிருந்து
லோடு.
அட்டென்ஷன்.
சிவப்பு விளக்கு. கைகள் நாற்பத்தைந்து டிகிரியில் இறங்கி நிற்கும்.
பச்சை வந்தால் ஐந்து டார்கெட்டுக்கு ஐந்து குண்டு,
முதலில் எட்டு செகண்டு, பிறகு ஆறு, பிறகு நாலு.
அந்த நாலில்
ஒரு ‘ங்க’ வைக்க இடமில்லை.

மரியாதை இல்லாமல் போய்விடவில்லை.
விரலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.
பக்கத்து லேன்காரரின் துப்பாக்கி கீழே விழுந்தாலும்
எடுத்துக் கொடுக்கக் கூடாது.
நன்றாகச் சுட்டாலும் சீரிஸ் முடியும்வரை
“சூப்பர்ங்க” கூடாது.
மிருதுளா வந்த புதிதில்
சிக்கிய பிஸ்டலோடு என் பக்கம் திரும்பி
“மேடம், இது வரமாட்டேங்குதுங்க” என்றாள்.
எட்டுப் பேர்
காற்றடித்த சோளத்தட்டாகச் சாய்ந்தோம்.
வெளியே அனுப்பினேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அழுதாள்.
அடுத்த வாரமும் சிக்கியது.
முகம் டார்கெட்டைப் பார்த்தபடி, குழல் செம்மண் மேட்டைப் பார்த்தபடி,
இடது கை மட்டும் மேலே.
வாயைத் திறக்கவில்லை.
அதைவிடப் பணிவாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

மூன்றாம் லேன் பெருந்தொழுவு நாச்சிமுத்து.
ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம்,
அரை ஏக்கர் மயிலுக்கு.
வனத்துறை ஆபீசுக்கு மூன்று நடை போய்
மூன்று விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தவர்.
டீ குடிக்கும்போது வேறு பேச்சே இல்லை.
“ஒண்ணும் பண்ணக்கூடாதாமுங். தட்டு வெச்சுப் பரிமாறோணுமாட்ட இருக்குதுங்.”

போன ஞாயிறு.
எட்டு முடிந்தது, ஆறு முடிந்தது.
நாலுக்குச் சிவப்பு விழுந்து
கைகள் இறங்கிக் காத்திருந்தன.
செம்மண் மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது,
ஜவுளிக்கடை மாடி ஏறுகிற நிதானத்தில்,
தோகை மண்ணைக் கூட்ட,
நேராக மூன்றாம் லேனின் டார்கெட்டுக்கு முன்னால்.

பச்சைக்கு ஒரு மூச்சு பாக்கி.
என் தொண்டையில் “நிறுத்துங்க” வந்து
குறுக்கே நின்றுகொண்டது.

“ஸ்டாப்!”

நானில்லை.
நாச்சிமுத்து.

ஆபத்தைப் பார்த்தவர் யாரும் கத்தலாம், விதி அதுதான்.
நானும் கத்தினேன், அரை செகண்டு பிந்தி.
மேகசின் வெளியே வந்தது. அறைகளில் ஆரஞ்சுக் கொடி ஏறியது.
எல்லாரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்.
ஒவ்வொரு மேஜையும் பார்த்துவிட்டு இறங்கி நடந்தேன்.
அது என்னைப் பார்த்தது. கழுத்தைச் சாய்த்தது.
“போங்க” என்றேன்.
போகவில்லை.
“போங்க சாமி, நேரமாச்சுங்க.”

பதினொரு நிமிஷம்.
மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
“ஏனுங் மேடம், அதுக்கு எத்தன செகண்டுங்?”

திரும்பவும் சிவப்பு. திரும்பவும் பச்சை.
நாச்சிமுத்துவுக்கு நாலு குண்டும் நடுவில்.
ஐந்தாவது பிந்தியது, விளக்கு மாறிய பிறகு.
பிந்தி வந்த குண்டு வராத குண்டு.
சுழி போட்டேன்.
அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
“சரீங்.”

பெட்டியை மூடிப் பூட்டிவிட்டு
பைக்கை உதைக்கப் போனவர்
திரும்பி வந்து, யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னார்:
“என்ர காட்டுல தின்னது இவனில்லீங்.
அவனுக்கு வாலு இன்னுங் கொஞ்சம் நீளமுங்.”