இரண்டு அங்குலம்

வோய் ரயிலடியில் இறங்கியபோது
துரைக்குப் பதினேழு பெட்டிகள்.
ஒன்றில் கிராமபோன்.
ஒன்றில் வெள்ளிக் காம்பு போட்ட தலைவாரிகள்;
காம்பில் ஒரு சின்ன மகுடம்,
தேய்ந்து கோழிக்கொண்டை மாதிரி இருக்கும்.
எங்கோ ஒரு பிரபுவின் மூன்றாம் பிள்ளை.
எவரார்ட் ட்ரெஸ்கோ என்று கையெழுத்துப் போடுவான்.
கம்பா ஆட்கள் நாங்கள் வைத்த பெயர்
இருட்டில் சவரம் செய்கிறவன்.

வழி எனக்குத் தெரியும்.
என் மோவாய் திரும்பும் பக்கம்
அவன் விரல் நீளும்.
பின்னால் வரும் இரும்பாலை முதலாளி
‘எப்படிக் கண்டீர்கள்!’ என்பார்.
துரை தொப்பியைச் சரிசெய்துகொள்வான்.

சிங்கம் எழும்.
முதலாளி சுடும் அதே நொடியில்
துரையும் சுடுவான்.
இரண்டு வெடி, ஒரே சத்தம்.
ஒருநாளும் பிசகியதில்லை.
தோலை உரிக்கையில் ஓட்டை ஒன்றுதான் இருக்கும்.
மற்றக் குண்டை முள்மரத்தில் தேடிக் கெல்லியெடுத்து
பையில் போட்டுக்கொள்வேன்.
அன்றிரவு ஷாம்பெயின்.

அப்புறம் அந்த அளவு நாடா.
நுனியில் இரண்டு அங்குலம் வெட்டியது அவன்.
பித்தளைக் கொக்கியை மறுபடி வைத்துத் தைத்தது நான்,
தோல் தைக்கும் ஊசியால்.
அதற்குப் பின் சாவோ காட்டில்
எல்லாக் கொம்புகளும் வளர்ந்தன.

ஒரு மழை மாலை ஊரிலிருந்து கடிதம்.
அண்ணன் மாளிகையை விற்றுவிட்டானாம்
படங்களோடு, குதிரைகளோடு.
இரண்டு முறை படித்தான்.
நாலாக மடித்து
ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தான்.
பிறகு என் கழுத்துத் தகர டப்பியைப் பார்த்தான்.
உள்ளே என் பெயர், என் கைரேகை.
கழற்றினால் சிறை.
‘கிதோமே, உனக்கும் ஒரு முத்திரை’ என்று சிரித்தான்.
உங்களுடையதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டலாம், துரை
என்று நான் சொல்லவில்லை.

கலானா ஆற்றங்கரையில்
கருநீர்க் காய்ச்சல்.
நான்காம் நாள் விடியுமுன்
சவரம் செய்யக் கண்ணாடி கேட்டான்.
பிடித்துக்கொண்டிருந்தேன்.
கை பாதிக் கன்னத்தில் நின்றது.

ஆறடி இரண்டங்குலம், பூட்ஸ் இல்லாமல்.
எல்லா விருந்திலும் சொல்வான்.
அவன் நாடாவாலேயே அளந்து
நானும் ம்வானியாவும் செம்மண்ணை வெட்டினோம்.
தலைமாட்டில் பாறை, கால்மாட்டில் பாறை,
மேலே மழை.
இறக்கினால் படுக்கவில்லை.
தலையைச் சரிசெய்தால் கால் இடிக்கிறது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
ஊசியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
ஒருக்களித்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிவிட்டோம்.

மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
பெட்டிகளுக்கு அரசாங்கம் அரக்கு வைத்தது.
நாடா என் பையில் இருந்தது,
முள்மரத்துக் குண்டுகளோடு.

மச்சாகோஸ் சந்தையில் இப்போது ஆட்டுத்தோல் விற்கிறேன்.
குடிசை வரிக்குக் காசு தேறுகிறது.
நல்ல நீளம் என்கிறார்கள்.